நூத்துக்கு மூணு ஓட்டை போதும், சில சமயம் முப்பதும் பத்தாது

கொஞ்ச நாளா ராத்திரி நேரத்துல என் லேப்டாப்ல ஓடிட்டு இருக்குற ஒரு சிமுலேஷன் பத்தி எழுதணும்னு நெனச்சுட்டே இருந்தேன். ஒரு திடப்பொருள், அதுக்குள்ள ஒழுங்குன்னு எதுவுமே இல்லாம அங்கங்க ஓட்டை, அந்த ஓட்டைக்குள்ள தண்ணியோ வாயுவோ ஏதோ ஒன்னோட துகள் அலைஞ்சுட்டு இருக்கு. செங்கல், மணற்கல், காஞ்ச சிமெண்ட், எலும்பு, களிமண், பேட்டரிக்குள்ள இருக்குற எலக்ட்ரோடு, எல்லாமே இந்த வகைதான். அந்த துகள் இந்த பக்கத்துலேந்து அந்த பக்கம் போய் சேருமா, சேர்ந்தா எவ்வளவு நேரம் ஆகும், இத கம்ப்யூட்டர்ல நடக்கவிட்டு பாக்குறதுதான் வேலை.

இந்த மாதிரி பொருள் பத்தி பேச ஆரம்பிச்சாலே எல்லாரும் மொதல்ல கேக்குறது "எத்தன சதவீதம் ஓட்டை?"ன்னுதான். நான் இந்த சப்ஜெக்ட்டுக்குள்ள எவ்வளவு ஆழமா போறேனோ அவ்வளவுக்கு எனக்கு தெளிவாகுறது என்னன்னா, அந்த ஒரு நம்பர மட்டும் வச்சு துகள் போகுமா போகாதான்னு சொல்லவே முடியாது. அத கொஞ்சம் விவரமா சொல்றேன்.

மொதல்ல தடையே இல்லாத இடத்த எடுத்துக்குவோம். ஒரு துகள் கண்டபடி மோதி கண்டபடி அலையும்போது, அது கிளம்பின இடத்துலேந்து இப்ப எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பாத்து, அந்த தூரத்த ஸ்கொயர் பண்ணி, நெறைய துகளுக்கு சராசரி எடுத்தா அது நேரத்தோட நேர்விகிதத்துல ஏறும். ஐன்ஸ்டீன் 1905ல சொன்னது இது. மூணு பரிமாணத்துல அந்த சராசரி = 6 × பரவல் குணகம் × நேரம். பரவல் குணகம்னா துகள் எவ்வளவு வேகமா பரவுதுன்னு சொல்ற நம்பர். 25 டிகிரியில தண்ணி மூலக்கூறுக்கு அந்த குணகம் நொடிக்கு சுமார் 2300 சதுர மைக்ரான். கணக்கு போட்டு பாருங்க, ஒரு நொடியில சராசரியா ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு நகரும், ஒரு சென்டிமீட்டர் போக ரெண்டு மணி நேரம், பத்து சென்டிமீட்டர் போக எட்டு நாளுக்கு மேல, ஒரு மீட்டர் போகணும்னா ரெண்டு வருஷத்துக்கும் மேல ஆயிடும். தடையே இல்லாதப்பவே இப்படி.

இப்ப தடைய போடுவோம். ரொம்ப எளிமையான மாடல்னா ஒரு கட்டம் கட்டமா பிரிச்ச பெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ரேண்டம் நம்பர் போட்டு சிலத திறந்து விடுறோம், மிச்சத்த அடைச்சுடுறோம். திறந்த கட்டத்துல ஒரு துகள வச்சு நடக்க விடுறோம். பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென் 1976ல இதுக்கு ஒரு பேர் வச்சாரு, புதிர்வழிக்குள்ள மாட்டின எறும்புன்னு. அந்த பேர் அப்படியே நின்னுடுச்சு, இன்னைக்கும் இந்த துறையில எறும்புன்னு சொன்னாலே எல்லாருக்கும் புரியும். அதுலயும் ரெண்டு வகை எறும்பு இருக்கு. ஒன்னு கண்ணு தெரியாத எறும்பு, அது ஆறு பக்கத்துல ஏதோ ஒன்ன தேர்ந்தெடுக்கும், அங்க சுவர் இருந்தா அதே இடத்துல நிக்கும், ஆனா கடிகாரம் ஒரு அடி நகந்துடும். இன்னொன்னு கிட்டப்பார்வை எறும்பு, அது பக்கத்துல திறந்திருக்குற கட்டத்த மட்டும் பாத்து அதுலேந்து ஒன்ன தேர்ந்தெடுக்கும். நீண்ட நேரத்துக்கு ரெண்டும் ஒரே விதியிலதான் பரவும், ஆனா எனக்கு கண்ணு தெரியாத எறும்புதான் புடிக்கும், ஏன்னா அது ரொம்ப நேரம் நடந்தப்புறம் தன்னால போக முடியுற எல்லா கட்டத்துலயும் சமமா நேரம் செலவழிக்கும், நெஜத்துல சமநிலையில இருக்குற துகளும் அப்படித்தான் இருக்கணும். கிட்டப்பார்வை எறும்பு நாலஞ்சு பக்கம் திறந்த கட்டத்துல அதிக நேரமும் முட்டுச்சந்துல கம்மி நேரமும் இருக்கும், அது கணக்க கொஞ்சம் சாய்ச்சுடும்.

இந்த கட்ட மாடலுக்கு அடிப்படையான கணிதம் 1957ல பிராட்பெண்ட், ஹேமர்ஸ்லின்னு ரெண்டு பேர் ஆரம்பிச்சது. நிலக்கரி சுரங்க தொழிலாளிங்க மாட்டுற முகமூடியில இருக்குற கார்பன் ஃபில்டருக்குள்ள வாயு எப்படி போகும்ங்கற மாதிரி கேள்வியிலேந்துதான் அவங்களுக்கு இது தோணிச்சு. அவங்க காட்டினது, திறந்த பங்க கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சுட்டே வந்தா ஒரு குறிப்பிட்ட எல்லையில திடீர்னு வழி அறுந்துடும். படிப்படியா கொறையுறதெல்லாம் கிடையாது. பெட்டி ரொம்ப பெருசா இருந்தா, அந்த எல்லைக்கு மேல ஒரு முடிவில்லாத வழி கண்டிப்பா இருக்கும், கீழ கண்டிப்பா இருக்காது.

சமதளத்துல சதுர கட்டத்துக்கு அந்த எல்லை 59.27 சதவீதம். மூணு பரிமாண கன கட்டத்துக்கு 31.16 சதவீதம். அதாவது நூத்துக்கு முப்பது கட்டம் திறந்து வச்சாலும் எறும்பு எங்கயும் போகாது, சின்ன சின்ன அறைக்குள்ள சுத்திட்டே இருக்கும்.

இப்ப கட்டத்த தூக்கி போட்டுட்டு வேற மாதிரி ஒரு பொருள் செய்வோம். காலி பெட்டியில ஒரே அளவு உருண்டைங்கள கண்ணமூடிட்டு வீசுறோம், ஒன்னு மேல ஒன்னு விழுந்தாலும் பரவாயில்ல, பாதி பாதி புதைஞ்சு இருக்கட்டும். உருண்டை இல்லாத இடம்தான் ஓட்டை. லோரென்ட்ஸ் மாடல்னு இதுக்கு பேர், 1905ல உலோகத்துல எலக்ட்ரான் எப்படி போகுதுன்னு லோரென்ட்ஸ் யோசிச்சதுலேந்து வந்தது. இங்க எப்ப வழி அறுந்து போகும்னு நெனைக்கிறீங்க? சுமார் 3 சதவீதம். நூத்துல 97 பங்கு கல்லா அடைஞ்சு கெடக்கும், அப்பவும் மிச்சம் இருக்குற 3 பங்கு ஒன்னோட ஒன்னு கோத்துக்கிட்டு பெட்டியோட ஒரு மூலையிலேந்து இன்னொரு மூலைக்கு வழி வச்சிருக்கும்! இத மொதல் தடவ படிச்சப்ப நான் நம்பவே இல்ல, நானே உருண்டை வீசி பாத்தப்புறம்தான் மனசு ஒத்துக்கிச்சு.

ஏன் இப்படின்னா, உருண்டைங்க ஒன்னோட ஒன்னு ஒட்டுற இடத்துல எல்லாம் மூலை முடுக்குல ஒரு சின்ன இடுக்கு மிஞ்சும், உருண்டையான ஒன்ன வச்சு இடத்த முழுசா அடைக்குறது கஷ்டம். சதுர கட்டத்துல அந்த பிரச்சனையே இல்ல, ஒரு கட்டத்த அடைச்சா அது முழுசா அடைஞ்சுடும். அதனால ஓட்டையோட சதவீதம் ஒரே மாதிரி இருந்தாலும் அது எந்த வடிவத்துல மிஞ்சியிருக்குங்கறதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது.

இதுல இன்னொரு விஷயம், போட்டோ பாத்து ஏமாறாதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது. ஒரு பாறைய வெட்டி, தேச்சு, மைக்ராஸ்கோப்ல பாத்தா ஓட்டைங்க தனித்தனி தீவா தெரியும், "இதுக்குள்ள எதுவும் போகாது"ன்னு தோணும். ஆனா சமதளத்துல கல்லும் ஓட்டையும் ரெண்டும் ஒரே நேரத்துல தொடர்ச்சியா இருக்க முடியாது, ஒன்னு கோத்துக்கிட்டா இன்னொன்னு அறுந்துடணும். வட்டங்கள வீசினா 67.6 சதவீதம் மூடினதும் ஓட்டையோட வழி போச்சு, அதே இடத்துலதான் வட்டங்க ஒன்னோட ஒன்னு கோத்துக்க ஆரம்பிக்குது. மூணு பரிமாணத்துல அப்படி இல்ல. உருண்டைங்க இடத்துல 29 சதவீதத்த அடைக்கும்போதே ஒன்னோட ஒன்னு கோத்துக்குது, ஓட்டையோ உருண்டைங்க 97 சதவீதத்த அடைக்குற வரைக்கும் கோத்துக்கிட்டே இருக்குது. நடுவுல இருக்குற அந்த பெரிய இடைவெளி முழுக்க கல்லும் தொடர்ச்சி, ஓட்டையும் தொடர்ச்சி, ஒன்னுக்குள்ள ஒன்னு பின்னிக்கிட்டு இருக்கும். ஒரு வெட்டுமுகத்த பாத்து இத கண்டுபிடிக்கவே முடியாது. அதனாலதான் இப்ப எக்ஸ்ரே டோமோகிராஃபி (பல கோணத்துலேந்து எக்ஸ்ரே எடுத்து உள்பக்கத்த முழுசா படமாக்குறது) எடுத்து முப்பரிமாண படத்த அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்தி, அதோட ஓட்டைக்குள்ள எறும்ப விடுறாங்க. எனக்கு அந்த வேலைய பாத்தா ரொம்ப சந்தோஷமா இருக்கும், நெஜமான பாறை, நெஜமான ஓட்டை.

சரி, எல்லைக்கு பக்கத்துல போனா என்ன நடக்குது? இங்கதான் எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி. நேரத்தையும் அந்த ஸ்கொயர் சராசரியையும் லாக்-லாக்ல, அதாவது ரெண்டு அச்சுலயும் ஒவ்வொரு படியும் பத்து மடங்கா ஏறுற மாதிரி பிளாட் போட்டா சாதாரண பரவலுக்கு சாய்வு 1 வரும். லோரென்ட்ஸ் மாடல்ல மிகச்சரியா எல்லையில நிறுத்தினா சாய்வு 0.32தான். ஹோஃப்லிங், ஃப்ரானோஷ், ஃப்ரைன்னு மூணு பேர் 2006ல பெரிய சிமுலேஷன் ஓட்டி இத தெளிவா காட்டினாங்க. அப்படின்னா என்ன அர்த்தம்? சாதாரண பரவல்ல ஆயிரம் மடங்கு நேரம் கொடுத்தா துகள் 30 மடங்குக்கு மேல தூரம் போகும், எல்லையில அதே ஆயிரம் மடங்கு நேரத்துக்கு 3 மடங்குதான் போகும். முட்டுச்சந்து, அதுக்குள்ள முட்டுச்சந்து, அதுக்குள்ள இன்னும் சின்ன முட்டுச்சந்துன்னு எல்லா அளவுலயும் இருக்குறதால துகள் எவ்வளவு நேரம் நடந்தாலும் அது இதுவரைக்கும் பாக்காத பெரிய முட்டுச்சந்து ஒன்னு காத்துட்டே இருக்கும்.

கட்ட மாடல்ல அதே சாய்வு சுமார் 0.40 வரும். ஏன் வித்தியாசம்னா, உருண்டைங்களுக்கு நடுவுல இருக்குற கழுத்துங்க எவ்வளவு வேணா ஒல்லியா இருக்கலாம், ஒரு துகள் அந்த ஒல்லி கழுத்த கண்டுபிடிச்சு வெளிய வர ரொம்ப நேரம் ஆகும். கட்டத்துல எல்லா கதவும் ஒரே அகலம். ஹால்பெரின், ஃபெங், சென் 1985லயே இத கணக்கு போட்டு சொல்லிட்டாங்க. ஆக எறும்பு மாடல் மட்டும் ஓட்டிட்டு நெஜ பொருளுக்கு அப்படியே நம்பர தூக்கி கொடுக்க கூடாது.

இன்னொன்னு, சராசரி மறைக்குற விஷயம். உங்க சிமுலேஷன்ல பரவல் குணகம் பாதியா கொறைஞ்சதா ஒரு நம்பர் வருதுன்னு வைங்க. எல்லா துகளும் பாதி வேகத்துல போகுதா, இல்ல பாதி துகள் மூடின அறைக்குள்ள நிரந்தரமா மாட்டிக்கிட்டு மிச்ச பாதி ஒழுங்கா போகுதா? ரெண்டுக்கும் ஒரே சராசரிதான் வரும், ஆனா மருந்த மெதுவா வெளிய விடுற ஒரு மாத்திரை செய்றவங்களுக்கு இது ரெண்டும் தலைகீழ் வித்தியாசம். முதல் வகையில மருந்து முழுசும் லேட்டா வரும், ரெண்டாவது வகையில பாதி மருந்து வெளியவே வராது. எல்லைக்கு பக்கத்துல போகப்போக மாட்டிக்கிட்ட கூட்டம் பெருசாயிட்டே போகும். இத பிரிச்சு பாக்க வழி இருக்கு. 1976ல வந்த ஹோஷன்-கோபெல்மன் அல்காரிதம் வச்சு ஓட்டைங்கள ஒன்னோட ஒன்னு தொட்டுக்கிட்டு இருக்குற கூட்டம் கூட்டமா பேர் போட்டு, எது பெட்டி முழுக்க நீளுது எது மூடினதுன்னு நடக்க விடுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம். இல்லன்னா கடைசியில எல்லா துகளும் எவ்வளவு தூரம் போச்சுன்னு ஒரு ஹிஸ்டோகிராம் போடுங்க, ரெண்டு மேடு தெரிஞ்சா ரெண்டு கூட்டம். நான் எந்த பேப்பர் படிச்சாலும் மொதல்ல இந்த படம் இருக்கான்னுதான் தேடுவேன், சராசரி மட்டும் போட்டு முடிச்சிருந்தா எனக்கு திருப்தியே வராது.

இது எல்லாம் வெறும் கணக்கு விளையாட்டுன்னு நெனைக்காதீங்க, சிமெண்ட்ட எடுத்துக்கங்க. சிமெண்ட்டும் தண்ணியும் கலந்தப்ப துகளுக்கு நடுவுல இருக்குற எடம் எல்லாம் தண்ணி, அது இறுக இறுக அந்த எடம் அடைஞ்சுட்டே வரும். அமெரிக்க அரசோட தர நிர்ணய ஆய்வு நிறுவனமான நிஸ்ட்ல இருந்த பென்ட்ஸ், கார்போசி ரெண்டு பேரும் 1991ல இத முப்பரிமாணத்துல சிமுலேட் பண்ணாங்க, சிமெண்ட் துகளோட பிக்செல் கரையும், கரைஞ்சது ரேண்டமா நடக்கும், வேற எங்கயாவது போய் படியும், நம்ம எறும்பேதான் இங்க கட்டடம் கட்டுது. தண்ணி நிக்குற அந்த பெரிய ஓட்டைங்க மொத்தத்துல சுமார் 18 சதவீதமா கொறையும்போது வழி அறுந்துடுதுன்னு அவங்களுக்கு வந்துச்சு. பாருங்க, 31 இல்ல, 3 இல்ல, 18. அதுக்கு ரொம்ப முன்னாடியே 1959ல பவர்ஸ்ங்கறவரும் அவர் கூட இருந்தவங்களும் சிமெண்ட் பேஸ்ட் வழியா தண்ணி எவ்வளவு ஊடுருவுதுன்னு அளந்து பாத்து இந்த வழி எத்தன நாள்ல அறுந்து போகும்னு சொன்னாங்க. சிமெண்ட்டுக்கு தண்ணி விகிதம் 0.4 இருந்தா 3 நாள், 0.5 இருந்தா 14 நாள், 0.6னா 6 மாசம், 0.7னா ஒரு வருஷம், 0.7க்கு மேல போனா என்னைக்குமே அறுந்து போகாது. அதுவும் அவ்வளவு நாளும் ஈரமா வச்சிருந்தாதான். சைட்டுல கலவை இளகட்டும்னு ஒரு பக்கெட் தண்ணிய கூட ஊத்துறதும், மூணு நாள்ல கியூரிங்க நிறுத்துறதும் என்ன பண்ணும்னு இந்த அட்டவணைய பாத்தாலே தெரியும். கடற்கரை பக்கம் கட்டின வீட்டுல உப்பு உள்ள போய் கம்பிய துருப்பிடிக்க வைக்குறது முழுக்க இந்த வழி இருக்கா அறுந்துச்சாங்கறத பொறுத்தது. பெரிய வழி அறுந்தப்புறமும் சிமெண்ட் ஜெல்லுக்குள்ள இருக்குற நானோ ஓட்டை வழியா கொஞ்சம் கொஞ்சமா போகத்தான் செய்யும், ஆனா வேகம் ரொம்பவே விழுந்துடும்.

இப்ப நீங்களே ஓட்டி பாக்கணும்னு நெனைச்சீங்கன்னா சில விஷயம் சொல்லிடுறேன். எறும்புங்க ஒன்னோட ஒன்னு பேசிக்கிறது இல்ல, அதனால சாதாரண லேப்டாப்லயே ஆயிரக்கணக்குல ஓட்டலாம், எத்தன கோர் இருக்கோ அத்தனையா பிரிச்சு விடலாம். பெட்டிக்கு சுவர் வைக்காம, வலது பக்கம் வெளிய போன துகள் இடது பக்கம் உள்ள வர மாதிரி வைங்க, ஆனா தூரம் கணக்கு போடும்போது மடிச்ச இடத்த எடுக்காதீங்க, மடிக்காத முழு பயணத்த தனியா சேத்து வைங்க. மடிச்ச இடத்த வச்சு கணக்கு போட்டா துகள் நல்லா போயிட்டு இருந்தாலும் கோடு ஒரு உயரத்துல படுத்துடும், பாக்க மாட்டிக்கிட்ட மாதிரியே இருக்கும். அதே மாதிரி துகள் பெட்டியோட நீளத்த தாண்டி போயிடுச்சுன்னா அது புது தடைய பாக்கல, பழைய தடையோட நகலதான் பாக்குது, அதுக்கு மேல வர சாய்வ வச்சு எதுவும் சொல்லாதீங்க. ஒரே ஒரு பொருள்ல லட்சம் துகள் விடுறத விட, பல ரேண்டம் சீடு (ரேண்டம் நம்பர் வரிசைய ஆரம்பிச்சு வைக்குற எண்) போட்டு பல பொருள் செஞ்சு ஒவ்வொன்னுலயும் கொஞ்சம் துகள் விடுறது மேல், ஏன்னா எல்லைக்கு பக்கத்துல ஒரு பொருளுக்கும் இன்னொரு பொருளுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம்தான் பெரிய எரர். அப்புறம் பொறுமை. நேரம் நூறு மடங்கு நீளுற வரைக்கும் சாய்வு 0.7 வந்துச்சுன்னு உடனே "அசாதாரண பரவல்"னு பேர் வச்சுடாதீங்க, அது 0.3லேந்து 1க்கு போற வழியில நடுவுல தெரியுற வளைவா கூட இருக்கலாம், இன்னும் நூறு மடங்கு நேரம் ஓட்டினா நேராயிடும்.

எறும்ப விட்டுட்டு நெஜ அணுக்களோட ஓட்டணும்னா அது மூலக்கூறு இயக்கவியல். ஹைதராபாத்ல பொறந்த அனீசுர் ரஹ்மான் 1964ல அமெரிக்காவோட ஆர்கோன் தேசிய ஆய்வகத்துல 864 ஆர்கான் (வாயு) அணுவ வச்சு திரவத்த மொதல்முறையா இப்படி ஒழுங்கா ஓட்டி, பரவல் குணகத்த கணக்கு போட்டு சோதனையோட ஒப்பிட்டு காட்டினாரு. இந்த துறையில அவர் பேர் எனக்கு ரொம்ப பெருமையான பேர். அவரோட பெட்டி பக்கம் ஒன்னுக்கு சுமார் 3.5 நானோமீட்டர். வைகார்னு ஒரு கண்ணாடி இருக்கு, கார்னிங் கம்பெனி செஞ்சது, உருக்கின போரோசிலிகேட் கண்ணாடி ரெண்டு பகுதியா பிரிஞ்சதும் ஒரு பகுதிய அமிலத்துல கரைச்சு எடுத்துடுவாங்க, மிஞ்சுறதுல 28 சதவீதம் ஓட்டை, ஓட்டையோட அகலம் சுமார் 4 நானோமீட்டர். ரஹ்மானோட முழு பெட்டியோட பக்கமே இந்த ஒரு ஓட்டையோட அகலத்த விட கம்மிதான்! 1998ல கெல்ப், கபின்ஸ் ரெண்டு பேரும் கண்ணாடி செய்ற அதே முறைய கம்ப்யூட்டர்ல செஞ்சாங்க, ரெண்டு திரவத்த கலந்து, சட்டுனு குளிர வச்சு, பிரிய விட்டு, ஒன்ன எடுத்துட்டாங்க. உருண்டை வீசுறத விட இது எனக்கு நியாயமா படுது, பொருள் எப்படி பொறந்துச்சோ அப்படியே பொறக்க விடுறது.

அணு அளவுல ஓட்டும்போது ஒரு அடிக்கு ஒரு ஃபெம்டோ நொடி மாதிரிதான் எடுக்க முடியும், ஒரு மைக்ரோ நொடிக்கே நூறு கோடி அடி. காந்த ஒத்ததிர்வு வச்சு சோதனையில அளக்குறதோ மில்லி நொடி கணக்கு. அதனால ஓட்டைக்குள்ள சுவர் பக்கம் துகள் எப்படி நகருதுன்னு அணு சிமுலேஷன்ல தெரிஞ்சுக்கிட்டு, அந்த வேகத்த எறும்புக்கு கொடுத்து பெரிய பெட்டியில நடக்க விடுறதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும்.

கடைசியா, துகளோட சைஸ். இதுவரைக்கும் துகள ஒரு புள்ளியாவே வச்சு பேசினோம். லோரென்ட்ஸ் மாடல்ல அழகான ஒரு விஷயம் இருக்கு, துகளுக்கு ஒரு ஆரம் இருந்தா அத தடையோட ஆரத்தோட கூட்டிட்டு துகள திரும்ப புள்ளியாவே வச்சுக்கலாம், கணக்கு மாறவே மாறாது. அப்படின்னா ஒரே பொருள் ஒவ்வொரு துகளுக்கும் ஒவ்வொரு பொருள். உருண்டை வீசி செஞ்ச பொருள்ல 30 சதவீதம் ஓட்டைன்னு வைங்க, துகளோட ஆரம் தடை உருண்டையோட ஆரத்துல 43 சதவீதத்த தாண்டினா அதுக்கு வழியே கெடையாது. 10 சதவீதம் ஓட்டை உள்ள பொருள்ல 15 சதவீதத்த தாண்டினாலே மாட்டிக்கும், ஆனா அதுக்குள்ளயே சின்ன துகள் பாட்டுக்கு நடந்து போயிட்டே இருக்கும். இப்ப என் லேப்டாப்ல ஓடிட்டு இருக்குறது இதுதான், ஒரே பொருளுக்குள்ள ரெண்டு சைஸ் துகள கலந்து விட்டிருக்கேன், பெருசு மாட்டிக்கிட்டு வழிய மறிக்கும்போது சின்னது எவ்வளவு மெதுவாகுதுன்னு பாக்கணும். இங்க துகளுங்க ஒன்னோட ஒன்னு மோதுறதால எறும்பு கணக்கு மாதிரி வேகமா முடியாது, பிளாட் நேராகுற வரைக்கும் ஓட விட்டுட்டு ரிசல்ட்ட தனி போஸ்ட்டா போடுறேன்.